அனிமே கிராஸ்ஓவரும் குணப் பகுப்பாய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய அனிமேஷனான அனிமே பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் இரண்டு இடத்துக்கு வந்துவிடும். "இவனும் அவனும் சந்தித்தால் என்ன ஆகும்?" என்பது ஒன்று. "இவன் உண்மையில் எப்படிப்பட்ட ஆள்?" என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் நம்பிக்கை. ஒருவனைப் பழக்கமில்லாத உலகத்தில் இறக்கிவிட்டால்தான், எது அவனுடைய குணம், எது அவன் கதை அவனுக்குக் கொடுத்த வசதி என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

ரசிகர் கதை எழுதத் தொடங்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். டெத் நோட், கோட் கியாஸ், ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் மூன்றின் முடிவும் இதில் வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. கிராஸ்ஓவர்னா என்ன? ரெண்டு அனிமே ஆளுங்க ஒரே சீன்ல வந்தா போதுமா?

வெவ்வேறு கதைகளின் ஆட்கள் சந்திப்பதுதான் கிராஸ்ஓவர், ஆகவே அதுவும் கிராஸ்ஓவர்தான். நிஞ்சா நருட்டோவும் ஒன் பீஸின் லூஃபியும் ஒரு ராமென் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிற படம் ஒன்றை யாராவது வரைந்தால் அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கதையாக எழுத வரும்போது மூன்று வகை இருப்பது தெரியும். முதல் வகையில் ஒருவர் இன்னொருவரின் உலகத்துக்குள் வந்து சேர்கிறார். இரண்டாவது வகையில் இரண்டு உலகமும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்ததாக வைத்துக்கொள்கிறோம். மூன்றாவதில் பாத்திரங்களை மட்டும் எடுத்து இன்னொரு கதையின் விதிகளுக்குள் பிறக்க வைக்கிறோம். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டின் எட்வர்ட் எல்ரிக், நருட்டோவின் ஊரான கொனோஹாவில் ஒரு நிஞ்சாவாகப் பிறந்திருந்தால் என்பது இந்த மூன்றாவது வகை. இதை ஃப்யூஷன் என்பார்கள்.

எழுதும் முன் எந்த வகை என்று முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மாறும் கதைகள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகின்றன.

2. இதெல்லாம் ரசிகர்கள் கிளப்பிவிட்டதா, இல்ல படைப்பாளிகளே செய்றாங்களா?

படைப்பாளிகள் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். ஓவியர் கோ நகாயின் மாசிங்கர் இசட்டும் டெவில்மேனும் ஒரே படத்தில் சந்தித்தது 1973-ல். ஒசாமு தெசுகா தன் பாத்திரங்களை ஒரு நாடகக் குழுவின் நடிகர்களைப் போல வைத்திருந்தார். ஒரு கதையில் வில்லனாக வந்த முகம் இன்னொரு கதையில் வேறு பெயரில், வேறு வேடத்தில் வரும். கிளாம்ப் என்ற ஓவியர் குழுவினர் 2003-ல் தொடங்கிய சுபாசா தொடரில் கார்ட்கேப்டர் சகுராவின் சகுராவையும் சியோரனையும் வேறு உலகத்து ஆட்களாகப் புதிதாகப் படைத்து, தங்கள் மற்ற கதைகளின் பாத்திரங்களை வழிநெடுக நிறுத்தினார்கள். திருடன் லூபானும் துப்பறியும் கானனும் 2009-ல் ஒரு தொலைக்காட்சிச் சிறப்புப் படத்தில் மோதினார்கள். 2019-ல் வந்த இசெகாய் குவார்டெட் என்ற தொடர், கொனோசுபா, ரீ:ஜீரோ, ஓவர்லார்ட், யோஜோ சென்கி ஆகிய நான்கு கதைகளின் ஆட்களையும் ஒரே பள்ளி வகுப்பில் உட்கார வைத்தது.

ரசிகர்களின் பக்கம் அதே அளவு பழையது. ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்டதை விற்கும் காமிக் மார்க்கெட் தோக்கியோவில் முதலில் கூடியது 1975 டிசம்பர் 21 அன்று. 32 குழுக்கள், சுமார் 700 பேர். இன்று சுருக்கமாகக் காமிகெட் என்றால் ஆண்டுக்கு இருமுறை தோக்கியோ பிக் சைட் கண்காட்சி அரங்கை நிரப்பும் கூட்டம். அங்கே விற்கும் சொந்தப் பதிப்புகளுக்கு தோஜின்ஷி என்று பெயர். கிளாம்ப் குழுவே அப்படி மற்றவர்களின் பாத்திரங்களை வைத்து தோஜின்ஷி போட்டு வளர்ந்த குழுதான். ரசிகர் யார், படைப்பாளி யார் என்ற எல்லை ஜப்பானில் நாம் நினைப்பதைவிட மெல்லியது.

3. கேனன், ஹெட்கேனன், ஏயு, ஓஓசி… இந்த வார்த்தையெல்லாம் கேட்டாலே தலை சுத்துது. சுருக்கமா சொல்லுங்களேன்.

மூலக்கதையில் உள்ளது கேனன். மூலக்கதை சொல்லாமல் விட்ட இடத்தை நாமே நிரப்பிக்கொள்வது ஹெட்கேனன். பாத்திரம் அதே, சூழ்நிலை மட்டும் வேறு என்றால் ஏயு. பாத்திரம் தன் குணத்துக்குப் பொருந்தாமல் நடந்துகொண்டால் ஓஓசி. கடைசி வார்த்தையை வைத்துத்தான் பெரும்பாலான சண்டைகள் நடக்கின்றன. அதற்கு 10-ம் கேள்வி.

4. எந்த ரெண்டு பேரைச் சேர்த்தா கதை நல்லா வரும்?

ஒருவரின் நம்பிக்கையை இன்னொருவரின் உலகம் பொய்யாக்கும்படி சேருங்கள். எட்வர்ட் எல்ரிக்கை எடுத்துக்கொள்வோம். இறந்த தாயை உயிர்ப்பிக்கப் போய் அவன் இடது காலை இழந்தான், தம்பியின் உயிரைக் கவசத்தில் ஒட்டவைக்க வலது கையைக் கொடுத்தான். போன உயிர் எந்த விலை கொடுத்தாலும் திரும்பாது என்பது அவன் உடம்பைக் கொடுத்துக் கற்ற பாடம். பிறகு, தாங்கள் உருவாக்கிப் புதைத்த அந்த உடலைத் தோண்டிப் பார்த்து, அது தாயே இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவனால் மூச்சு விட முடிகிறது.

இவனைக் கொண்டுபோய் நருட்டோ கதையின் வில்லன் ஒரோசிமாருவின் எதிரில் நிறுத்துங்கள். எடோ டென்செய் என்ற வித்தையில், உயிரோடிருக்கும் ஒருவரைப் பலியாகக் கொடுத்தால் இறந்தவர் தன் நினைவோடும் குரலோடும் எழுந்து வருகிறார். வருவது அதே ஆன்மாதான். எட்வர்ட் அருவருப்பில் கத்துவான், அது சுலபமாக எழுதிவிடக்கூடிய பகுதி. அன்று இரவு தம்பி ஆலிடம் அவன் என்ன பேசுவான்? "இங்கே இறந்தவரை எழுப்ப முடிகிறது, ஆல்" என்று சொல்லும்போது அவன் குரல் எப்படி இருக்கும்? எனக்கு அந்த உரையாடலுக்காகவே இந்தக் கிராஸ்ஓவர் வேண்டும்.

டிராகன் பாலின் கோகுவும் ஒன் பஞ்ச் மேனின் சைட்டாமாவும் இன்னொரு நல்ல ஜோடி. எல்லாரும் எழுதுவது சண்டையை. ஒரே குத்தில் எல்லாம் முடிந்துபோகும் சலிப்பில் வாடுகிறவன் சைட்டாமா. வலுவான எதிரி கிடைத்தால் பிறந்தநாள் மாதிரி மகிழ்கிறவன் கோகு. இவர்கள் சந்தித்தால் இருவருக்கும் நெடுநாள் கேட்டது கிடைக்கிறது. அந்தச் சந்தோஷத்தை எழுதியவர்கள் குறைவு.

5. அதெல்லாம் சரி, லைட்டும் லெலூஷும் மோதினா யார் ஜெயிப்பா?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. விதிகளை வைத்தே பார்த்துவிடலாம். டெத் நோட் நாயகன் லைட் யாகமியிடம் இருப்பது, பெயரை எழுதினால் ஆளைக் கொல்லும் நோட்டு. அதற்கு எதிராளியின் முகம் தெரிய வேண்டும், உண்மைப் பெயரும் தெரிய வேண்டும். கோட் கியாஸ் நாயகன் லெலூஷின் கியாஸ், எதிராளியைத் தன் கட்டளைக்குப் பணிய வைக்கும் சக்தி. அதற்கு நேருக்கு நேர் கண் பார்வை வேண்டும். ஒருவர் மீது ஒரே ஒரு முறைதான் செல்லும்.

லெலூஷ் பள்ளியில் இருப்பது லாம்பரூஜ் என்ற பொய்ப் பெயரில். லைட் அதை எழுதினால் ஒன்றும் ஆகாது. ஜீரோ என்ற புரட்சித் தலைவனாக வரும்போது முகமூடி, எனவே முகமும் இல்லை. ஷினிகாமி என்ற சாவுத் தேவதையின் கண் இருந்தால் முகத்தைப் பார்த்த கணத்தில் உண்மைப் பெயர் தெரியும், ஆனால் அதற்கு விலை மிச்ச ஆயுளில் பாதி. லைட் அதைக் கடைசிவரை வாங்கவில்லை. அவனை நேசிக்கும் மிசா இருமுறை வாங்கினாள். ஆகவே, லெலூஷ் முகமூடி இல்லாமல் நிற்கும்போது மிசா அருகில் இருந்தால் லெலூஷ் செத்தான். அவள் இல்லாமல் லைட்டும் லெலூஷும் கண்ணோடு கண் பார்த்தால் லைட் தோற்றான். "நோட்டின் உரிமையை விட்டுக்கொடு" என்ற ஒரு கட்டளை போதும். உரிமை போனால் நோட்டைப் பற்றிய நினைவு முழுவதும் போய்விடும் என்பது டெத் நோட்டின் விதி.

யார் ஜெயிப்பார் என்பது இப்படி ஒரு பக்கத்தில் தீர்ந்துவிடுகிறது. அந்தக் கட்டளைக்குப் பிறகு எஞ்சி நிற்கும் லைட் யார் என்பதுதான் எனக்குக் கதை. அதை 7-ல் விரிவாகப் பேசுகிறேன்.

6. எம்பிடிஐ பார்த்தா போதாதா? லைட்டும் லெலூஷும் ரெண்டு பேருமே ஐஎன்டிஜே தானே?

எம்பிடிஐ என்பது ஆட்களை நாலெழுத்து ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் சோதனை. ரசிகர்கள் இருவருக்கும் பெரும்பாலும் ஐஎன்டிஜே அல்லது இஎன்டிஜே என்றுதான் சொல்கிறார்கள். அங்கேயே அந்தக் கருவியின் எல்லை தெரிந்துவிடுகிறது. லைட் தன் வாழ்வின் கடைசி நிமிடத்தில் சாவுக்குப் பயந்து ஷினிகாமி ரியூக்கிடம் கெஞ்சுகிறான், அல்லது தப்பி ஓடுகிறான் (ஏன் இரண்டு முடிவு என்பது 13-ல்). லெலூஷ் தன் சாவைத் தானே திட்டமிட்டு, வாளோடு வரும் நண்பனைப் பார்த்துச் சிரிக்கிறான். நாலு எழுத்து ஒன்றாக இருந்தும் இவ்வளவு தூரம்.

எம்பிடிஐ-யை உருவாக்கியவர்கள் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும். கார்ல் யுங் 1921-ல் வெளியிட்ட ஆளுமை வகைகளைப் பற்றிய நூல்தான் அதற்கு அடிப்படை. அது ஒருவர் தன்னைப் பற்றித் தானே பதில் எழுதும் வினாத்தாள். பாத்திரம் வந்து உட்கார்ந்து எழுத முடியாது, நாம்தான் அவனுக்காக எழுதுகிறோம். மனிதர்களே சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது என்பது உளவியலாளர்களின் பழைய குறை.

வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு பாத்திரம் கூட்டத்தில் தெம்பு பெறுகிறதா, தனிமையில் பெறுகிறதா என்று யோசிக்க வைக்கும் அளவுக்கு அது உதவும். என்னியகிராம் என்ற ஒன்பது வகை முறையும் அறிவியல் ஆதாரத்தில் பலவீனமானதுதான். ஆனாலும் அது "இவன் எதற்குப் பயப்படுகிறான்?" என்று கேட்பதால் கதை எழுதுகிறவர்களுக்கு எம்பிடிஐ-யைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுகிறது.

7. அப்ப ஒரு கேரக்டரோட குணத்தை எப்படித்தான் பிடிக்கிறது?

அவன் என்ன பேசுகிறான் என்பதை ஒதுக்கிவிட்டு, எதை இழக்கத் தயாராக இருக்கிறான், எதை இழக்கவே மாட்டான் என்று பாருங்கள். யாரும் பார்க்காதபோது என்ன செய்கிறான் என்று பாருங்கள். பிறகு, அவனுடைய சக்தியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கு லைட்–லெலூஷ் ஜோடியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஏனென்றால் இருவருடைய நினைவும் மூலக்கதையிலேயே ஒருமுறை அழிக்கப்படுகிறது.

லைட் சந்தேகத்திலிருந்து தப்பத் தானே நோட்டை விட்டுக்கொடுத்து நினைவை இழக்கிறான். அதன் பிறகு வரும் பையனைப் பாருங்கள். மிசா அவனை நேசிப்பதால், அவளிடம் நெருங்கிப் பழகித் தகவல் வாங்கச் சொல்கிறான் துப்பறிவாளன் எல். ஒரு பெண்ணின் மனதை அப்படிப் பயன்படுத்த முடியாது என்று லைட் மறுக்கிறான். மனதார மறுக்கிறான். சில வாரம் முன்பு அதே பெண்ணை அதே வழியில் பயன்படுத்தியவன் அவன். கிரா என்று உலகம் அழைக்கும் நோட்டுக் கொலைகாரனை, அது தானே என்று தெரியாமல், பிடிக்க எல்லோடு சேர்ந்து ராப்பகலாக உழைக்கிறான். நோட்டை மறுபடி தொட்ட நொடியில் அந்தப் பையன் காணாமல் போகிறான். என்னைப் பொறுத்தவரை டெத் நோட்டில் மிகவும் வலிக்கும் இடம் அதுதான், எல்லின் சாவைவிட.

கோட் கியாஸின் இரண்டாம் பாகத் தொடக்கத்தில் லெலூஷின் நினைவை அவன் தந்தை சார்ல்ஸ் மாற்றி எழுதிவிடுகிறார். தங்கை நன்னலியே நினைவில் இல்லை. ரோலோ என்ற பொய்த் தம்பி இருக்கிறான். வசதியான மாணவ வாழ்க்கை. அப்படியிருந்தும் அவன் சூதாட்ட விடுதிக்குப் போய், திமிர் பிடித்த பெரிய மனிதர்களைச் சதுரங்கத்தில் தோற்கடித்துக்கொண்டிருக்கிறான். ஏன் இந்த உலகத்தின் மீது இவ்வளவு எரிச்சல் என்று அவனுக்கே தெரியவில்லை. நினைவு போயும் கோபம் போகவில்லை.

லைட்டிடமிருந்து சக்தியை எடுத்தால் ஒரு நல்ல பையன் மிஞ்சுகிறான். லெலூஷிடமிருந்து எடுத்தாலும் லெலூஷ்தான் மிஞ்சுகிறான். லைட்டுக்குக் காயமே கிடையாது. அன்பான வீடு, நேர்மையான போலீஸ் அப்பா, வகுப்பில் முதலிடம். அவனிடம் இருந்தது சலிப்பு மட்டும். லெலூஷுக்குத் தாயின் கொலை, தந்தையால் பிணைக்கைதியாக ஜப்பானுக்கு அனுப்பப்பட்ட சிறுவயது, நடக்கவும் பார்க்கவும் முடியாத தங்கை. சுடுகிறவன் சுடப்படத் தயாராக இருக்க வேண்டும் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்கிறான், கடைசியில் அந்த வார்த்தைப்படியே நடக்கிறான். லைட் அந்தத் தயார்நிலை ஒருநாளும் இல்லாதவன்.

8. நிறைய கேரக்டருக்கு ரத்த வகை போடுறாங்களே, அது எதுக்கு?

ஜப்பானில் ரத்த வகைக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டு என்ற நம்பிக்கை பரவலானது. தகேஜி ஃபுருகாவா 1927-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1971-ல் மசாஹிகோ நோமியின் புத்தகம் அதை வீட்டுப் பேச்சாக்கியது. அறிவியல் ஆதாரம் கிடையாது. ஆனால் பாத்திரத்துக்கு ரத்த வகை கொடுப்பது ஆசிரியர் வாசகருக்குத் தரும் குறிப்பு. நருட்டோவுக்கு பி, தன் போக்கில் போகிறவன். அவன் போட்டியாளன் சசுகேவுக்கு ஏபி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று. ஒன் பீஸின் ஆசிரியர் ஓடா அந்த உலகத்துக்கென்றே எஃப், எஸ், எக்ஸ், எக்ஸ்எஃப் என்று புது வகைகள் வைத்துவிட்டார். லூஃபிக்கு எஃப். அந்தப் பெயரை நம் அட்டவணையில் தேடினால் கிடைக்காது, எனக்கு அது ரொம்பப் பிடித்த முடிவு.

9. சுன்டெரே, கூடெரேன்னு ரெடிமேடா வகை இருக்கும்போது தனியா எதுக்கு ஆராயணும்?

வெளியே கோபம், உள்ளே அன்பு என்றால் சுன்டெரே. வெளியே குளிர்ச்சி, உள்ளே அன்பு என்றால் கூடெரே. அந்த வகைகள் நடத்தையைச் சொல்கின்றன, காரணத்தைச் சொல்வதில்லை. இவாஞ்சலியனின் அசுகாவைச் சுன்டெரே என்று குறித்துவிட்டு எழுதினால் கன்னத்தில் அறைந்து முகம் சிவக்கும் பெண் கிடைப்பாள். தன் தாய் மனம் பேதலித்து ஒரு பொம்மையை மகளாக நினைத்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் அசுகா. "என்னைப் பார்" என்பதுதான் அவளுடைய ஒவ்வொரு சண்டையும். அதை விட்டுவிட்டால் அது அசுகா இல்லை.

10. எவ்வளவு மாத்தினா ஓஓசி? "என் லெலூஷ் இப்படித்தான்"னு சொல்லிட்டு எழுதக் கூடாதா?

தாராளமாக எழுதலாம். ஆனால் மாற்றத்துக்குக் காரணத்தைக் கதைக்குள் வையுங்கள். லெலூஷின் தாய் கொல்லப்படாத ஏயு-வில் அவன் மென்மையானவனாக இருப்பது நியாயம். எல்லாம் கேனன்படி நடந்து, அவன் மட்டும் திடீரென்று தங்கையை மறந்து காதலில் உருகுகிறான் என்றால் வாசகர் நம்பமாட்டார்.

நான் பின்பற்றும் சோதனை ஒன்று உண்டு. பெயரையும் தலைமுடி நிறத்தையும் எடுத்துவிட்டு ஒரு காட்சியைப் படியுங்கள். அந்தக் கதையை நன்கு அறிந்தவர் யார் பேசுகிறார் என்று கண்டுபிடித்தால் போதும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் 7-ம் கேள்விக்குத் திரும்புங்கள்.

11. தமிழ்ல எழுதும்போது பேச்சு ஒட்டவே மாட்டேங்குது. நருட்டோவை எப்படிப் பேச வைக்கிறது?

நருட்டோ வரி முடிவில் ஒட்டும் "தத்தேபாயோ"வுக்கு இணையாக ஒரு வால் சொல்லைத் தேடி ஒவ்வொரு வரியிலும் ஒட்டாதீர்கள். இரண்டு பக்கத்தில் அலுத்துவிடும். நம்மிடம் அதைவிட வலுவான கருவி இருக்கிறது, நீ–நீங்கள் வேறுபாடு. கொலைகாரன் என்று தான் சந்தேகப்படும் லைட்டிடமும் எல் ஜப்பானிய மொழியில் பணிவாகத்தான் பேசுகிறான். தமிழில் அவன் "நீங்கள்தான் கிரா" என்று சொல்ல வேண்டும். "நீதான் கிரா" என்றால் குளிர்ச்சி போய்விடும். லூஃபி அரசனைப் பார்த்தாலும் "நீ" தான்.

லைட்டுக்கு இரண்டு குரல். வெளியே மரியாதைக்கார மாணவன், மனதுக்குள் முரட்டுத்தனமான மேலாளுமை. மூலத்தில் தன்னைச் சுட்டும் சொல்லே இரண்டு இடத்திலும் வேறு. தமிழில் வெளிப்பேச்சை "அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றும், உள்பேச்சில் அதே அப்பாவை "இவன்" என்றும் எழுதிப் பாருங்கள். ஒரே வரியில் அவன் யார் என்று தெரிந்துவிடும்.

12. எல்லுக்கு ஆட்டிசம், ஷின்ஜிக்கு டிப்ரெஷன்னு எழுதறது தப்பா?

எல் நாற்காலியில் குந்தி உட்காருகிறான், சாதாரணமாக உட்கார்ந்தால் தன் யோசிக்கும் திறன் 40 சதவீதம் குறையும் என்கிறான், இனிப்பையே உணவாகச் சாப்பிடுகிறான். ஆட்டிசம் உள்ள வாசகர் ஒருவர் அவனிடம் தன்னைக் கண்டால் அந்த வாசிப்பை மதிக்கிறேன். அது அவருடைய ஹெட்கேனன், அதில் அவருக்கு உரிமை இருக்கிறது. இவாஞ்சலியனின் ஷின்ஜியைப் பொறுத்தவரை, அதன் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ தன் சொந்த மனச்சோர்வு பற்றி வெளிப்படையாகப் பேசியவர். அந்தக் கதையில் அது ஊறியிருப்பதாக வாசிக்க நல்ல காரணம் உண்டு.

தவறாகிப்போகும் இடம் வேறு. வில்லன் என்றாலே "சைக்கோ" என்று நோய்ப் பெயர் ஒட்டுவது எனக்கு ஒப்புதல் இல்லை. லைட் நோயாளி இல்லை. தெளிந்த அறிவோடு முடிவெடுக்கிறான். முதல் இரண்டு சாவுக்குப் பிறகு தூக்கம் கெட்டு நடுங்கியவன், அந்த நடுக்கத்தை நியாயத்தால் மூடிக்கொண்டான். நோய் என்று சொன்னால் அந்தப் பொறுப்பை அவனிடமிருந்து நாமே எடுத்துவிடுகிறோம். நோயோடு வாழும் நிஜ மனிதர்களுக்கும் அது அநியாயம்.

13. மாங்காவுல ஒரு மாதிரி, அனிமேல ஒரு மாதிரி இருந்தா எதை எடுத்துக்கிறது?

எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் ஒன்றை எடுங்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டின் 2003 அனிமே, மூலக்கதையான மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) முடியும் முன்பே வந்ததால் தனி வழியில் போய், எட்வர்டை நம் உலகத்தில் தம்பியைப் பிரிந்து நிற்கவிட்டது. 2009-ல் தொடங்கிய பிரதர்ஹுட் மாங்காவைப் பின்பற்றியது. அதில் அவன் தன் ரசவாதத்தையே கொடுத்து தம்பியின் உடலை மீட்கிறான். இவர்கள் இருவேறு எட்வர்ட்கள். 4-ல் சொன்ன ஒரோசிமாரு காட்சியில், புதைத்த அந்த உடலைத் தோண்டிப் பார்த்தவன் மாங்காவின் எட்வர்ட். 2003-ன் எட்வர்டை அங்கே நிறுத்தினால் அந்த இரவுப் பேச்சு முற்றிலும் வேறாக ஓடும். லைட்டும் அப்படியே. ரியூக்கிடம் கெஞ்சிக் கதறிச் சாகிறவன் மாங்காவில், ஓடிப்போய்ப் படிக்கட்டில் சாய்ந்து தனியாகச் சாகிறவன் அனிமேவில்.

14. வில்லனை நல்லவனா காட்டி எழுதினா, அவன் செஞ்சதை நியாயப்படுத்தற மாதிரி ஆயிடாதா?

அவன் செய்ததை மறைத்தால் ஆகும். லெலூஷைப் பிடிக்கும் என்பதற்காக அவன் தந்தைவழிச் சகோதரி யூஃபீமியாவை விட்டுவிடாதீர்கள். விளையாட்டாகச் சொன்ன ஒரு வாக்கியம், கட்டுப்பாடு இழந்த கியாஸால் கட்டளையாகிப் படுகொலையில் முடிந்தது. அவளைத் தன் கையாலேயே சுட வேண்டி வந்தது. வேறு எந்த உலகத்துக்குப் போனாலும் அவன் அதைச் சுமந்துகொண்டுதான் போவான். கிராஸ்ஓவரில் யாராவது அவனை "நல்லவன்" என்று அழைத்தால், முதலில் மறுக்கிறவன் அவனாகவே இருக்க வேண்டும்.

15. இதெல்லாம் எழுதினா கேஸ் போடுவாங்களா?

ஜப்பானில் பதிப்புரிமை மீறல் பெரும்பாலும் உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் வழக்காகும். 2018 இறுதியில் சட்டம் திருத்தப்பட்டபோதும், புகார் இல்லாமலே நடவடிக்கை என்பது மூலத்தை அப்படியே நகலெடுத்து விற்கும் திருட்டு வரைக்கும்தான் நீண்டது. தோஜின்ஷி அதற்கு வெளியே நின்றது. ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவது அனுமதி ஆகாது. டோரேமானின் கடைசி அத்தியாயம் என்று ஒரு ரசிகர் வரைந்த தோஜின்ஷி சுமார் 13,000 பிரதி விற்றதும், மூலக்கதை போலவே தோன்றியதும் உரிமையாளர்களை உசுப்பின. 2007-ல் அவர் மன்னிப்புக் கேட்டு வருமானத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார்.

இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ம் பிரிவு விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் இடம் தருகிறது. குணப் பகுப்பாய்வுக் கட்டுரை அங்கே நிற்கும். ரசிகர் கதைக்கென்று பெயர் சொல்லித் தனி விலக்கு கிடையாது. என் அறிவுரை நேரானது: மூலப் படைப்பாளியின் பெயரைச் சொல்லுங்கள், அதிகாரபூர்வமானது போல் தோற்றம் தராதீர்கள், விற்காதீர்கள். ஏஓ3 என்று எல்லாரும் அழைக்கும் ரசிகர் காப்பகம் 2009-லிருந்து இயங்குகிறது, 2019-ல் அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருதும் வாங்கியது. அங்கேயும் பணம் கேட்டு எழுத அனுமதி இல்லை.

16. பெரிய கதையெல்லாம் பயமா இருக்கு. முதல்ல எதை எழுதிப் பார்க்கலாம்?

ஸ்பை ஃபேமிலியின் சிறுமி ஆன்யாவை ஓர் அறையில் உட்கார வையுங்கள். எதிரே லைட், எல். அவளுக்கு அடுத்தவர் மனதில் ஓடுவது கேட்கும். இரண்டு பக்கம் போதும். 11-ல் சொன்ன உள்குரல் வெளிக்குரல் இரண்டையும் எழுதியே தீர வேண்டிய கட்டாயம் வந்துவிடும். ஆன்யாவுக்குப் பாதி வார்த்தை புரியாது, ஆனால் யார் பயமுறுத்தும் ஆள் என்று புரியும். அவள் எல்லின் மடியில் இருக்கும் இனிப்பைப் பார்த்துக்கொண்டே எந்தப் பக்கம் நகர்ந்து உட்காருகிறாள் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

அது கைவந்தால் அடுத்தது இது. நினைவு அழிந்த லைட்டும் நினைவு அழிந்த லெலூஷும் ஒரே வகுப்பு. ஒருநாள் லைட் அவனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போகிறான். அம்மா பரிமாறுகிறார், தங்கை சாயு அண்ணனிடம் வீட்டுப்பாடம் சொல்லித்தரச் சொல்கிறாள், அப்பா வேலையிலிருந்து களைத்து வருகிறார். லெலூஷுக்குத் தங்கை இருந்ததே நினைவில்லை. சாயு பேசப் பேச அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லைட் அக்கறையாகக் கேட்கிறான், "உடம்பு சரியில்லையா?" இந்த லைட் நிஜமாகவே அக்கறைப்படுகிறவன். இதற்கு மேல் நீங்கள் எழுதுங்கள்.

17. நான் யோசிச்ச ஜோடியை ஏற்கெனவே நூறு பேர் எழுதிட்டாங்க. இனி நான் எழுதறதுல என்ன இருக்கு?

லைட்–லெலூஷ் மோதலை எழுதியவர்களுக்குக் கணக்கே இல்லை. பெரும்பாலானவை 5-ம் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. சோற்றுத் தட்டு முன் உட்கார்ந்த லெலூஷை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கவனித்த விஷயங்களைக் கொண்டு எழுதினால் அது உங்களுடையது. இன்னொருவர் யோசித்த ஒரு குறிப்பிட்ட காட்சியிலிருந்துதான் உங்கள் கதை பிறந்தது என்றால் மட்டும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கதையின் தலையில் அவர் பெயரைப் போடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், முதல் வாசகராகவும் வருவார்கள்.